எந்தப் பைலட்டம்மா?

சனிக்கிழமை, காலை ஏழு மணி. பூந்தமல்லி.

ராத்திரி முழுக்கப் பேருந்தில் உட்கார்ந்து வந்து, கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பேருந்து பிடித்துப் பூந்தமல்லி வந்து சேர்ந்தபோது எனக்கு வடக்கு எது தெற்கு எது என்றே விளங்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் பாளையங்கோட்டையில் பூகோளம் நடத்தியவள் நான். உலக வரைபடத்தைக் கரும்பலகையில் பார்க்காமலே போடுவேன். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். பூந்தமல்லியில் வாத்தியாரே மக்கு. சாலை நடுவில் மெட்ரோ தூண்கள், இரண்டு பக்கமும் தகரத் தடுப்பு, நேற்று இருந்த வழி இன்று இல்லை. எதிரே தெரியும் டீக்கடைக்குப் போக இவ்வளவு தூரம் சுற்ற வேண்டுமா என்று எரிச்சலாக வந்தது. டீ பதினைந்து ரூபாய். நன்றாக இருந்தது என்பதால் எரிச்சலைப் பாதி மன்னித்துவிட்டேன்.

நான் கோயில் குளம் பார்க்க வரவில்லை, ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுத வந்தேன். சில மாதங்களுக்கு முன்னால் கொடைக்கானல் பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் ஒரு பாதிரியார் உட்கார்ந்திருந்தார். மலையேறி முடிப்பதற்குள் ஒரு கதை சொன்னார். சென்னைக்கு மேற்கே ஒரு கிறிஸ்தவப் பெண்மணி இருக்கிறாராம். பெண்கள் சைக்கிள் ஓட்டினாலே ஊர் கூடி வேடிக்கை பார்த்த காலத்தில் விமானம் ஓட்டியவராம். வயது தொண்ணூறை ஒட்டி இருக்கும், இன்னும் உயிரோடு இருக்கிறார் என்றார். எந்த ஊர் என்றேன். "பூந்தமல்லின்னுதான் ஞாபகம். பைலட்டம்மா வீடுன்னு கேளுங்க, யாரும் சொல்வாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

டீக்கடைக்காரரிடமே கேட்டேன்.

"பைலட்டம்மா ஊடா? நம்ம செல்விக்கா ஊடு. அந்தத் தண்ணி டேங்க் தாண்டி ரைட்ல பூந்துக்கோ யம்மா. பச்ச பெயின்ட் அடிச்ச ஊடு."

பாதிரியார் சொன்னது அப்படியே பலித்துவிட்டதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பச்சை வீட்டின் கதவைத் திறந்தது முப்பத்தைந்து வயதுப் பெண். தலையில் ஈரத் துண்டு சுற்றியிருந்தாள்.

"பைலட்டம்மா இருக்காவளா?"

"நான்தான், சொல்லுங்க மேடம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தொண்ணூறு எங்கே, முப்பத்தைந்து எங்கே? பிறகு, பேத்தியும் அதே தொழிலுக்கு வந்திருக்கலாம், பட்டம் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். வந்ததும் வராததுமாய்ப் பெரியவரைக் கேட்டால் இவள் மனம் நோகும். இரண்டு வார்த்தை இவளிடமும் பேசுவோம் என்று உட்கார்ந்தேன்.

"எத்தன வருஷமா ஓட்டுதீங்க?"

"ஆறு வருசமாவுது."

"பயமா இருக்காதா?"

"மொதல்ல கைகாலு ஒதறிச்சு. இப்ப ஒன்னியும் இல்ல. மழ வந்தாதான் பேஜாரு."

"ஆமா, மேகத்துக்குள்ள போயிட்டா ஒண்ணும் தெரியாதுல்லா?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "மேகமா? ரோட்டே தெரியாது மேடம். முட்டி வரைக்கும் தண்ணி நிக்கும்."

"மேல இருந்து பாத்தா ரோடு தெரியுமா என்ன?"

"மேலன்னா? பாலத்து மேலயா?"

"இல்லம்மா, வானத்துல."

பிறகு செல்வி சிரித்தாள் பாருங்கள், தலைத்துண்டு அவிழ்ந்து விழும் வரை சிரித்தாள். அவள் ஓட்டுவது ஆம்புலன்ஸ். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களுக்கு அங்கே வேலையில் வைத்திருக்கும் பெயரே பைலட். தெருவும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. வரும் வழியில் பேருந்தில் நான் யோசித்து வைத்திருந்த கேள்விகளெல்லாம் வீணாய்ப் போயின.

ஆனால் அவளே சொன்னாள்: "நீங்க தேடற ஆயா எனக்குத் தெரியும் மேடம். திருநின்றவூர்ல கீது. லில்லின்னு பேரு. அங்க அத யாரும் பைலட்டம்மான்னு சொல்ல மாட்டாங்க. ஏரோப்ளேன் கெழவின்னுதான் சொல்லுவாங்க."

நாலு மாதத்துக்கு முன்னால் பூந்தமல்லியில் ஒரு கிழவி மயங்கிக் கிடப்பதாக அழைப்பு வந்து செல்வி போயிருக்கிறாள். போனால் மயக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. மீனம்பாக்கம் பேருந்துக்காகக் காலையிலிருந்து நிற்கிறேன், ஒன்றுகூட வரவில்லை என்று கிழவி சண்டை பிடித்துக்கொண்டிருந்ததாம்.

"எப்டி வரும்? மெட்ரோ வேலைக்கு ஸ்டாப்பையே மாத்திட்டாங்க. அது பழைய எடத்துலயே நின்னுகினு கீது. சரி, வண்டில ஏறுன்னா ஏறல. நாலு பக்கமும் சுத்திப் பாத்துச்சு. ஒவ்வொரு டயரா தட்டுச்சு. டீசல் எவ்ளோ கீதுன்னு கேட்டுச்சு. அப்பாலதான் எம்பக்கத்துல வந்து குந்திச்சு. அது பொய் சொல்லுதுன்னு எனக்குத் தோணல மேடம். ஆனா ஊட்ல நம்பல. அன்னிலேர்ந்து பூட்டிதான் வெச்சிக்கீறாங்க."

"யாரை?"

"அந்த ஆயாவத்தான்."

பகல் பதினொன்று. ஆவடி, வேப்பம்பட்டு, திருநின்றவூர்.

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கு நகரப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணமில்லை. கண்டக்டர் சீட்டை மட்டும் கிழித்துக் கொடுத்தார். ஆவடியில் ரயில், ஐந்து ரூபாய். எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாளிடம் திருநின்றவூர் எத்தனையாவது ஸ்டேஷன் என்று கேட்டேன். "நாலாவது" என்றார். ஆவடியைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பட்டாபிராம் தாண்டியதும் நான் எண்ணிய கணக்கும் அவர் எண்ணிய கணக்கும் முட்டிக்கொண்டதில், ஆளை விடுங்கள் என்று ஒரு நிலையத்தில் இறங்கிப் பலகையைப் பார்த்தால், திருநின்றவூரைத் தாண்டி வேப்பம்பட்டு. மறுபடி ஒரு ஐந்து ரூபாய், இப்போது எதிர்த் திசை ரயில். நல்ல வெயில். விமானம் ஓட்டியவரைத் தேடிக் கிளம்பியவளுக்கு ரயிலில் ஒழுங்காகப் போகத் தெரியவில்லை.

திருநின்றவூர் நிலையத்துக்குத் தெற்கே பத்து நிமிட நடை. மனை போட்டு விற்ற தெருக்கள், வரிசையாக வாடகை வீடுகள், ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. செல்வி சொன்ன அடையாளம் மாடிப்படிக்குக் கீழே மாதா படம். கண்டுபிடித்துவிட்டேன். கிரில் கேட்டில் வெளிப்பக்கமாகப் பெரிய பூட்டு தொங்கியது.

உள்ளே ஒரு சின்ன உருவம் எழுந்து வந்தது. நைட்டிக்கு மேல் ஆண்கள் போடும் சட்டை. காதுக்கு மேலே வெட்டிய வெள்ளை முடி, தடித்த கண்ணாடி.

"சாவி எந்தங்கச்சி பொண்ணு ரெஜிகிட்ட கீது. மூணு மணிக்கு வருவா. அந்தச் சேர இழுத்துப் போட்டு உக்காரு கண்ணு" என்றார். கம்பிக்கு நடுவில் டம்ளர் நுழையாது என்பதால் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் கொடுத்தார். என் வாழ்க்கையில் எத்தனையோ வீட்டுக்கு விருந்தாளியாகப் போயிருக்கிறேன். வீட்டுக்காரர் கம்பிக்குள் நின்று உபசரித்தது இதுவே முதல் தடவை. எனக்கு வருத்தத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். அவர் சொன்னதை வரிசைப்படுத்தப் படாதபாடு பட்டேன். அப்பா பெரம்பூரில் ரயில்வே கார்டு. மகள் ஆசைப்பட்டாள் என்று மீனம்பாக்கத்தில் விமானம் ஓட்டப் பழக அனுப்பினார். பேன்ட் போட்ட பெண்ணை எவன் கட்டுவான் என்று அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. பிறகு குண்டூர்ப் பக்கம் பருத்திக் காட்டுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டினார். குளித்தாலும் போகாத மருந்து நாற்றம். "அந்த நாத்தத்தோடயே என்னக் கட்டிக்கினாரு" என்றார். கட்டிக்கொண்டவர் கோட்டயத்துக்காரர், விமான மெக்கானிக். அப்புறம் ஆப்பிரிக்காவில் தாங்கனிகா. அங்கே தபாலும் டாக்டரும் ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் இறங்குவாராம். ஒட்டகச்சிவிங்கிகள் நிற்கும் பாதையில் ஒருமுறை தாழப் பறந்து அவற்றை விரட்டிவிட்டு, திரும்பி வந்து இறங்க வேண்டுமாம். காலர் எலும்பு உடைந்தது அங்கேதானா, குண்டூரிலா என்று கேட்டேன்.

"அதுக்கு முன்னாடி."

"எதுக்கு முன்னாடிம்மா?"

"அட, அதுக்குத்தான்."

இப்படியே போனது. ஒரு சினிமாக் கம்பெனிக்காக அம்பத்தூர், ஆவடி வானத்திலிருந்து நோட்டீஸ் போடப் போனாராம். காற்று மாறியடித்து அத்தனையும் புழல் ஏரிக்குள் விழுந்ததாம். "மீனெல்லாம் படம் பாக்க வந்துச்சோ இன்னாவோ, தியேட்டர்ல ஆளில்ல" என்று சிரித்தார். ஒரு கதைக்குள் இன்னொன்று புகுந்துகொண்டது. கணவர் இறந்தது ஒருமுறை தாங்கனிகாவில் நடந்தது, ஒருமுறை பெரம்பூரில் நடந்தது. ரெஜியின் பெயரை நடுநடுவே ஸ்டெல்லா என்று மாற்றிச் சொன்னார். நான் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன், ஆனால் என் தலை சுற்றியது. எதை நம்புவது?

ஒரு கதை மட்டும் ஒவ்வொரு முறையும் மாறாமல் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால், மழை பொய்த்த ஒரு வருடம், அடுக்கு றெக்கை வைத்த சின்ன விமானத்தில் தனியாக வந்துகொண்டிருந்தவருக்கு என்ஜின் இருமி நின்றுவிட்டது. கீழே வெடித்துக் கிடந்த ஏரி தெரிந்தது. அதில் இறக்கினார். விமானத்துக்குக் கீறல்கூட இல்லை.

"இந்த ஏரிதான் கண்ணு. திருநின்றவூர் ஏரி. ரெஜி இங்க ஊடு பாத்தப்ப நான் அதனாலதான் சரின்னேன்."

மாலை மூன்று மணி. பூட்டு.

ரெஜினா வந்தாள். லில்லியம்மாவின் தங்கை ஸ்டெல்லா பெற்ற மகள். நாற்பத்தைந்து வயதிருக்கும். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தோளில் பை, முகத்தில் களைப்பு. யாரோ ஒருத்தி தன் வாசலில் உட்கார்ந்து தன் பெரியம்மாவோடு கம்பி வழியே பேசுவதைப் பார்த்தால் யாருக்கும் கூசும். அவளுக்கும் கூசியது. ரிட்டயர்டு டீச்சர் என்று மட்டும் சொன்னேன், நான் கேட்காமலே பேச ஆரம்பித்தாள்.

"ஆசப்பட்டா பூட்டறேன் டீச்சர்? அடுப்புல பால வெச்சிட்டு இது பாட்டுக்குப் பூந்தமல்லி போயிடுச்சு. பக்கத்து ஊட்டுக்காரங்க பாக்கலேன்னா ஊடே போயிருக்கும். நான் வேலைக்குப் போவலேன்னா சோறு எங்கேர்ந்து வரும்?"

"நான் வழி தவறல" என்றார் லில்லியம்மா. "ஸ்டாப்புதான் தவறிடுச்சு."

"பாருங்க, இப்டிதான் பேசும். புத்தி தடுமாறிப்போச்சு. தாங்கனிகாவுல இருந்தேன்னும். எம்பையன் ஆஸ்டலுக்குப் போறப்ப வுட்டுட்டுப் போன அட்லஸ்ல தேடிட்டேன், அப்டி ஒரு நாடே கெடையாது."

அங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே இடம் கிடைத்துவிட்டதே! தாங்கனிகா என்று ஒரு நாடு இருந்தது, பிறகு சான்சிபாரோடு சேர்ந்து தான்சானியா ஆனது, உன் பெரியம்மா இருந்த காலத்தில் அதுதான் பெயர் என்று முழுப் பாடமும் நடத்தினேன். ரெஜினா கொஞ்சம் அசந்துதான் போனாள். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"சரி, நாடு இருந்துச்சு. ஏரி? இந்த ஏரில ப்ளேன் எறக்குனேங்குது. நாங்க வந்து நாலு வருசமா ஏரி நெறைய தண்ணி கீது. தண்ணில எப்டி எறக்கும்? வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் இதச் சொல்லித்தான் தெருவே சிரிக்குது. ஒரே ஒரு ஆளு ‘ஆமா, நான் பாத்தேன்’னு சொல்லட்டும். இந்தப் பூட்ட நான் போட மாட்டேன். மாதா மேல சத்தியம்."

"அப்ப வா, ஏரிக்குப் போவோம்" என்றார் லில்லியம்மா.

நான் பாட்டுக்குக் கட்டுரை எழுத வந்தவள். அந்த வீட்டில் அடுத்த திங்கட்கிழமை காலையிலிருந்து ஒரு மனுஷி கம்பிக்குள் இருப்பாரா வெளியே இருப்பாரா என்பது இப்போது யாரோ முன்பின் தெரியாத ஒருவரின் ஞாபகத்தைப் பொறுத்திருந்தது. அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதே தெரியாது.

தெருமுனையில் ஆட்டோ. ஏரிக்கரைக்கு எண்பது ரூபாய். லில்லியம்மா உடனே ஏறவில்லை. ஆட்டோவைச் சுற்றி வந்தார். மூன்று சக்கரத்தையும் தட்டினார். பின்னால் குனிந்து பார்த்தார். பெட்ரோல் இருக்கா என்றார்.

"இன்னாம்மா, பிரேக் இன்ஸ்பெக்டரா நீ?" என்று ஆட்டோக்காரர் குரலை உயர்த்தினார்.

"சுத்திப் பாக்காம நான் எதுலயும் ஏற மாட்டேன் நைனா. கோச்சுக்காத."

ரெஜினா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குச் செல்வி சொன்னது நினைவுக்கு வந்தது. தெருவில் இதைப் பார்ப்பவர்களுக்குப் பைத்தியம் என்று தோன்றும். எனக்கு, தொழில் கற்ற கை என்று தோன்றியது. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவர் என்னிடம் நீ யாரு என்று இரண்டாம் முறை கேட்டிருந்தார். ஆகவே என் தோன்றல்களை நானே நம்பவில்லை.

மாலை நாலரை. ஏரிக்கரை.

ஏரி கடல் போலக் கிடந்தது. கரையை ஒட்டி வீடுகள், மனை விற்பனைப் பலகைகள், எதிர்க் கரை மங்கலாகத் தெரிந்தது. இதில் விமானம் இறங்கியது என்றால் நானும் சிரித்திருப்பேன். லில்லியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "தண்ணி ரொம்ப கீதே" என்று அவரே திகைத்துப்போய்ச் சொன்னபோது எனக்குப் பாவமாக இருந்தது.

கேட்க ஆரம்பித்தோம். முதல் வீட்டுக்காரர் தாங்கள் குடிவந்து மூன்று வருடம்தான் ஆகிறது என்றார். அடுத்தவர்கள் தஞ்சாவூர்ப் பக்கம். மூன்றாமவர் இது எந்த சேனலுக்கு என்று கேட்டுத் தலையை வாரிக்கொண்டார். தேர்தலுக்கு ஹெலிகாப்டர் வந்ததே, அதுவா என்றார் மளிகைக்கடைக்காரர். ஏரோப்ளேன் பார்க்க வேண்டுமானால் ஆவடிப் பக்கம் போங்கள் என்று ஒருவர் வழியே சொன்னார். அந்தக் கரையில் அந்த ஊர்க்காரர் என்று ஒருவரும் இல்லையா? ஊரே நேற்று வந்து இறங்கியது போல இருந்தது. ரெஜினாவுக்கு ஜெயித்துவிட்ட முகம் இல்லை. போதும், வாங்க போகலாம் என்கிற முகம்.

கடைசியில் கரை திரும்பும் இடத்தில் ஒரு பெண்மணி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். எழுபத்தைந்து வயது சொல்லலாம். பெயர் கன்னியம்மா. சொந்த ஊரே இதுதான் என்றார். அந்தக் காலத்தில் ஏரி வற்றியபோது ஏரோப்ளேன் எதுவும் இறங்கியதா என்று கேட்டேன், நம்பிக்கையில்லாமல்தான் கேட்டேன்.

"எறங்கிச்சே" என்றார், மீனிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் அப்ப பத்து வயசுப் பொண்ணு. ஏரில பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்துச்சு. நாங்க சாணி பொறுக்கிகினு இருந்தோம். டர்ருனு வந்து, சத்தம் நின்னுபோச்சு. சத்தமே இல்லாம எறங்குச்சு. மறுநாளு ஊரே தெரண்டு போயி அதுக்கு மஞ்சத்துணி கட்டி, கற்பூரம் ஏத்துச்சு."

நான் ரெஜினாவைப் பார்த்தேன். அவள் கை தன்னையறியாமல் பெரியம்மாவின் தோளைப் பிடித்திருந்தது.

"பாத்தியா ரெஜி" என்றார் லில்லியம்மா. "நான்தான் அத எறக்குனேன்."

கன்னியம்மா இப்போதுதான் நிமிர்ந்தார். லில்லியம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா? இல்லியே. எறங்குனது ஆம்பள. சின்ன தொர ஒருத்தரு. குழா பேன்ட்டு போட்டுகினு, தொப்பி வெச்சிகினு. மீச கூட மொளைக்கல. எங்கண்ணால பாத்தனே."

ரெஜினாவின் கை தோளிலிருந்து இறங்கியது. விமானம் இறங்கியது நிஜம், இறக்கியவர் வேறு யாரோ. அந்தக் கதையை எங்கோ கேட்டு, தன் கதையாக்கிக்கொண்டாரா இந்த அம்மாள்? அப்படியென்றால் குண்டூர்? தாங்கனிகா? இத்தனைக்கும் சாட்சி தேடிக் கூட்டி வந்தது நான். தேடாமலே இருந்திருந்தால் சந்தேகமாவது மிச்சம் இருந்திருக்கும்.

"ஆம்பளயாம் பெரிம்மா" என்றாள் ரெஜினா. அவள் குரலில் கோபம் இல்லை, அழுகைதான் இருந்தது.

கன்னியம்மாவுக்கோ பழைய நாள் திரும்பிவிட்டது, நிறுத்த முடியவில்லை.

"அந்தத் தொர இன்னா பண்ணுச்சு தெரியுமா? மத்தவங்கல்லாம் பயந்து ஊருக்குள்ள ஓடிட்டாங்க, நானும் எங்கம்மாவுந்தான் நின்னோம். அது நேரா எங்கம்மா கிட்ட வந்து, கீச்சுக் கொரல்ல, அதும் தமிழ்ல, ‘பொம்பளைங்க ஒதுங்கற எடம் எங்க?’ன்னு கேட்டுச்சு. கேக்கலாமா? ஆம்பளப் புள்ள கேக்கற கேள்வியா அது? எங்கம்மாவுக்கு வந்துச்சே கோவம். சாணிக் கூடையத் தூக்கிகினு அடிக்கப் போச்சு."

"போச்சா?" என்றார் லில்லியம்மா. "அடிச்சுது. கூடையால இல்ல. சாணியால. ஈரச் சாணி. எந்தொப்பி மேல வந்து சப்புனு வுழுந்துச்சு."

கன்னியம்மாவின் கையிலிருந்த மீன் நழுவிச் சட்டிக்குள் விழுந்தது.

"அது உனக்கெப்டி தெரியும்?" என்றார் மெதுவாக. "தொரைய அடிச்சது தெரிஞ்சா போலீசு வரும்னு எங்கம்மா எங்கிட்ட சத்தியம் வாங்கிகிச்சு. எங்கப்பனுக்கே தெரியாது. எங்கம்மா செத்தே முப்பது வருசமாவுது. நான் யார்கிட்டயும் வாயத் தெறக்கலியே."

"எனக்குத் தெரியாம? அப்பால ஒதுங்கறதுக்கு அங்க இருந்த பனமரத்துப் பக்கம் கூட நான் போவல. மீனம்பாக்கத்துலேர்ந்து ஆளு வர்ற வரைக்கும் அடக்கிகினு றெக்கைக்குக் கீழ குந்திகினு இருந்தேன். வயிறு வெடிச்சிடும் போல. ப்ளேன எறக்குனப்ப கூட நான் அழுவல. அன்னிக்கு சாயங்காலம் அழுதேன்."

கன்னியம்மா செதில் ஒட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "எங்காத்தா! தொரசாணியா நீ? பொம்பளையா? அப்ப நீ கேட்டதுல தப்பே இல்லியே!" என்றார். பிறகு, செத்துப்போன தாய்க்காக எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார். லில்லியம்மா அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரெஜினா முதலில் சிரித்தாள், பிறகு கரையோரக் கல்லில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் எதற்கு அழுதேன் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அழுதேன்.

மாலை ஆறரை. கிளம்புதல்.

வீட்டுக்கு வந்து காபி குடித்தோம். என்னை ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுவந்து விடுகிறேன் என்றாள் ரெஜினா. அப்படியென்றால் லில்லியம்மா தனியாக இருக்க வேண்டும். ரெஜினா அடுக்களைக்குப் போய் சிலிண்டரை மூடினாள். கேஸ் லைட்டரை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பூட்டைக் கையில் எடுத்தாள். பழக்கத்தில் கை கேட்டின் வெளிப்பக்கம் போனது, நின்றது. பிறகு பூட்டை உள்பக்கமாக மாட்டினாள். சாவியைப் பெரியம்மாவிடம் நீட்டினாள்.

லில்லியம்மா சாவியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஸ்டெல்லா, இருட்டிகினு வருதே. கொட எடுத்துகினியா?"

ரெஜினாவின் தாய் ஸ்டெல்லா இறந்து ஐந்து வருடம் ஆகிறது. நீட்டிய கை அப்படியே நின்றது. ரெஜினா திரும்பி என்னைப் பார்த்தாள். ஏரிக்கரையில் நிரூபணமானது விமானம் மட்டும்தானே? அடுப்பு இல்லையே, பூந்தமல்லி இல்லையே. நான் என்ன சொல்வது? கொடு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, கொடுக்காதே என்று சொல்லவும் வரவில்லை.

"எடுத்துகினேன்கா" என்றாள் ரெஜினா. சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

தெருவில் நடந்தபோது இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். "தப்பு பண்ணிட்டனா டீச்சர்?" என்று கேட்டாள். "தெரியலம்மா" என்றேன். சென்ட்ரல் போகும் வண்டி வந்தது. இந்த முறை சரியான திசையில்தான் ஏறினேன்.

பாளையங்கோட்டைக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. எங்கள் தெரு நேர்த் தெரு. கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம், வழி மாறாது, நிறுத்தமும் மாறாது. மாடியறையில் எண்பத்தாறு வயதில் என் மாமியார் இருக்கிறார். கீழே இறங்கினால் விழுந்துவிடுவார் என்று படிக்கட்டுக் கதவுக்கு நாங்கள் தாழ்ப்பாள் போட்டிருக்கிறோம், வெளிப்பக்கம். வந்த அன்று அதைத் திறந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். இன்றுவரை திறக்கவில்லை. ரெஜினா சாவியைக் கொடுத்தாள்.